மீன் முட்டைக்குப் போட்ட ஊசி

நான் எழுதிய ஒரு செய்தியை நம்பி, சூலூருக்குப் பக்கத்தில் தறி ஓட்டும் ஒருவர் தன் நாலு வயது மகளை இதய அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகாமல் இருந்துவிட்டார். அந்தச் செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. இருபது வருட வேலையில் நான் மிகக் கவனமாகச் சரிபார்த்து எழுதியவற்றில் அது ஒன்று. முக்கியமானதை முதலில் சொல் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தியில் நான் மீறியதும் அந்தப் பாடத்தைத்தான்.

கோவையிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழில் அப்போது எனக்குக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "எங்க விலங்கியல் துறையில ஒரு மேடம் மீன் முட்டையில என்னமோ பண்றாங்க சார். போட்டோவுக்கு நல்லா இருக்கும்." ஞாயிற்றுக்கிழமைக்குக் கைவசம் எதுவும் இல்லாத வாரம். போனேன்.

ஆய்வுக்கூடம் இரண்டாம் மாடியின் மூலையில் இருந்தது. செருப்புப் பெட்டி அளவுக்குச் சின்னச் சின்னத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் விரற்கடை நீளத்துக்கு நீலக் கோடு போட்ட மீன்கள். ஆய்வாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். போத்தனூர்க்காரர், ரயில்வே குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடிந்ததும் மீனுக்குத் தீனி போட இங்கே வந்துவிடுவதாகவும், மீனுக்கு ஞாயிறு தெரியாது என்று பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார். விளக்கைப் போட்டதும் மீன்கள் முட்டையிட ஆரம்பித்துவிடுமாம்.

அவர் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களில் சில, கதவு மாதிரி வேலை செய்கின்றன. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அப்படி ஒரு கதவை. மீன் கருவில் மஞ்சள் கருவைப் போர்த்தியிருக்கும் படலத்தில் அது இருக்கிறது. உள்ளே தயாராகும் ஒரு சேதிப் பொருளை அது வெளியே விடுகிறது. கருவின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் தனித்தனியாக உருவாகும் இதயச் செல்கள், அந்தச் சேதி கிடைத்தால்தான் நடுவுக்கு நகர்ந்து ஒன்று சேர்கின்றன.

"கதவு இல்லைன்னா?"

"நீங்களே பாருங்க சார்."

நுண்ணோக்கியில் குனிந்தேன். கண்ணாடி மாதிரி ஒரு கரு. உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. இடது பக்கம் ஒரு துடிப்பு, வலது பக்கம் இன்னொரு துடிப்பு. நடுவில் எதுவும் இல்லை. நிருபர் புத்தி, கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். இடதில் இருபது ஆவதற்குள் வலதில் பதினேழு. ஒரே உடம்பில் இரண்டு இதயங்கள், ஒன்றை ஒன்று அறியாமல் அடித்துக்கொண்டிருந்தன.

"இது பிழைக்குமா?"

"நாலஞ்சு நாள் இருக்கும்."

அடுத்த தட்டை வைத்தார். அதே குறையுள்ள முட்டைகள்தான், ஆனால் இவற்றுக்கு ஊசி போட்டிருந்தார். அந்தப் புரதத்தைச் செய்துகொள்வதற்கான குறிப்பு அந்த ஊசியில் இருந்தது. பார்த்தேன். நடுவில் ஒரே ஒரு இதயம், சீராக அடித்தது. எனக்குத் தலைப்பு அந்த நிமிடமே கிடைத்துவிட்டது. அதை அவர் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"சார், ரெண்டு விசயம். இந்தப் புரதத்தோட வேலையை நான் கண்டுபிடிக்கலை, உலகத்துல பல பேர் பார்த்ததுதான். எந்த நேரத்துக்குள்ள கதவு திறக்கணும்னுதான் நான் பார்க்கறேன். ரெண்டாவது, இந்த ஊசி முட்டை ஒரே செல்லா இருக்கும்போது போடறது. இட்டு முக்கால் மணி நேரத்துக்குள்ள. இதைக் கண்டிப்பா எழுதுங்க."

"எழுதறேன் மேடம்."

"நீங்க எழுதுவீங்க. நோட்டைக் குடுங்க." வாங்கி, தன் கையாலேயே ஆறு வரி எழுதினார். இந்த ஊசி ஒரு மணி நேரம்கூட ஆகாத மீன் முட்டைக்குப் போடப்படுவது. பிறந்த குழந்தைக்கு இதில் மருந்து எதுவும் இல்லை. இதயத்தில் ஓட்டை உள்ளவர்கள், மருத்துவர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. "எங்க வேணா போடுங்க, ஆனா போடுங்க. மீனைப் பத்தி எழுதறீங்க, மீன் மார்க்கெட்காரர் மாதிரி விலை ஏத்திடாதீங்க" என்று சிரித்தார்.

எங்கே வேண்டுமானாலும். அந்தச் சலுகையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

செய்தித்தாளில் இருந்தவர்களுக்குத் தெரியும். செய்தியை மேலிருந்து கீழே முக்கியத்துவம் குறைந்துகொண்டே போகும்படி எழுதுவோம். கடைசி நேரத்தில் இடம் போதவில்லை என்றால், டெஸ்க்கில் பக்கம் போடுகிறவர் கீழிருந்து வெட்டுவார். அவருக்குப் படித்துப் பார்க்க நேரம் இருக்காது. படிக்கவும் தேவையில்லை, கடைசியில் இருப்பது போனால் பரவாயில்லை என்றுதான் எழுதியவன் அங்கே வைத்திருக்கிறான் என்று பொருள்.

அந்த ஆறு வரியை இரண்டாம் பத்தியில் வைத்துப் பார்த்தேன். செய்தி அங்கேயே படுத்துவிட்டது. மீனுக்கு மட்டும்தான் என்றால் அது ஏழாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தி. எனக்கு முதல் பக்கத்தின் அடிப்பகுதி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படத்தோடு அகலமாக வரும் இடம் அது. ஏழெட்டு மாதமாக என் பெயர் அங்கே வரவில்லை. வரிகளைக் கடைசிக்கு நகர்த்தினேன். முதல் பத்தியில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் கொள்கை, அதனால் இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைகளில் ஆரம்பித்தேன். தலைப்பு: 'பிரிந்த இதயம் ஒரே ஊசியில் சேர்ந்தது'. மீன் மூன்றாம் பத்தியில்தான் நீந்தி வந்தது.

ஆடி மாதம். சனிக்கிழமை மாலை ஒரு துணிக்கடையின் தள்ளுபடி விளம்பரம் உயரம் கூடி வந்தது. கடைசிப் பத்தி போனது. வெட்டு விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. விழுந்தால் எது போகும் என்று தெரியும்.

ஞாயிறு காலை ஆய்வாளர் போன் செய்தார். "அந்த ஆறு வரி வரலையே சார்."

"டெஸ்க்ல வெட்டிட்டாங்க மேடம். விளம்பரம்."

"ஓ. இடம் இல்லைன்னா நீங்க என்ன செய்வீங்க" என்றார். நான் சொன்னதும் பொய் இல்லை. நான் பொய் சொல்லாமலே இந்தக் காரியம் முழுவதையும் செய்து முடித்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அவர் அழைத்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. ஒரு தம்பதி குழந்தையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறார்கள். மாற்றுத்துணி, வெந்நீர் பிளாஸ்க், தலையணை எல்லாம் கொண்டுவந்திருக்கிறார்கள். படுக்கை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. என் செய்தி வந்த வாரத்திலேயே வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அவர்கள் போகவில்லை. ஒரே ஊசியில் சேரும் என்னும்போது நெஞ்சைப் பிளப்பானேன் என்று இருந்துவிட்டார்கள்.

"மீனைக் காட்டினேன் சார். ஓட்டை வேற, இது வேறன்னு அரை மணி நேரம் சொன்னேன். 'மீனுக்கே சேருதுன்னா மனுசனுக்குச் சேராதுங்களா'ன்னு அவர் கேக்கறார். பெரிய இடத்துக்காரங்களுக்கு மட்டும் போடுவீங்களான்னும் கேட்டார். நீங்க போய்ச் சொல்லுங்க. நீங்கதான் எழுதினீங்க."

மறுநாள் காலை போனேன். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நாலு வயது என்று தெரிந்திருக்காவிட்டால் இரண்டரை என்று எழுதியிருப்பேன். ஒரு பிஸ்கட்டுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஓட்டை வழியாக ரத்தம் தப்பான பக்கம் பாய்ந்து நுரையீரலுக்கு அதிகமாகப் போகும்போது தின்பதே உழைப்பாகிவிடும் என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

அப்பா முப்பது வயதுக்காரர். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே போய் என் செய்தியை எடுத்துவந்தார். லேமினேட் செய்திருந்தார்.

"நீங்கதானுங்களா? அம்மணி, இங்க வா, பேப்பர்காரர் வந்திருக்கறாரு!"

மனைவி டீயோடு வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது மருந்தில்லை, மீன் முட்டைக்கான சோதனை, குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு லேமினேட்டைத் திருப்பி வைத்தார்.

"ஆசுபத்திரிக்காரங்க உங்களை அனுப்பிச்சாங்களாங்க?"

"இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க வாயில சொல்றீங்க. இது பேப்பர்ல வந்திருக்குதுங்க. பேப்பர்ல வந்ததுக்குப் பேப்பர்லதானுங்க பதில் வரோணும். போடுங்க, அன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்குள்ள புள்ளைக்கு..."

"எங்க புள்ளைய அறுக்கோணும்னு யாருக்குங்க ஆசை? ஊசிங்கறாங்க, சேந்துபோச்சுங்கறாங்க. ஒரு மாசம் பாத்தா என்னங்க?"

எழுதியவன் எதிரில் உட்கார்ந்து மறுக்கிறேன். எழுத்து என்னைவிட நம்பகமாக இருந்தது. அதை அப்படி ஆக்குவதற்குத்தான் இருபது வருடமாகச் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்பதால் கோபப்படவும் முடியவில்லை.

அலுவலகத்தில் திருத்தம் போடுவது என்பது வீட்டில் சாவு விழுந்த மாதிரி. ஆசிரியர் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். கடைசிப் பத்தியை வெட்டியது யார் என்றார். என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்த உதவி ஆசிரியர் கையைத் தூக்கினார். "நாந்தானுங்க. விளம்பரம் ஏறிடுச்சு, வாலை நறுக்கிப்போட்டேன். படிக்கலைங்க."

"படிக்காம நறுக்குவியாய்யா? குழந்தை உயிருய்யா."

நான் உதவி ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த வரிகள் ஏன் வாலில் இருந்தன என்று ஆசிரியர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கமாட்டார் என்றும் தெரிந்திருந்தது. வெட்டியவருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். டீக்கடையில் என்னிடம், "உன் செய்தியக் கெடுத்துப்போட்டம்ப்பா, மன்னிச்சுக்க" என்றார். அதற்குப் பிறகு அவர் எந்தச் செய்தியையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் அதை வைத்துக் கேலி செய்தார்கள். நானும் ஒரு முறை சிரித்திருக்கிறேன்.

திருத்தம் வெளியான அன்று காலை ஆறரைக்குக் குழந்தையின் அப்பா போன் செய்தார். "பாத்துப்போட்டனுங்க. இன்னைக்கே போறமுங்க." சொன்னபடி போனார். ஆனால் விட்ட தேதி விட்டதுதான். வரிசையில் அடுத்த இடம் கிடைக்க ஏழு வாரத்துக்கு மேல் ஆனது. முதல் தேதியிலிருந்து எண்ணினால் பதினோரு வாரம். அறுவைச் சிகிச்சை அன்று காலை முதல் மதியம் வரை மருத்துவமனை வராந்தாவில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பெரிய மனசு என்று அவர் என்னைத் தன் மச்சானிடம் அறிமுகப்படுத்தினார். ஓட்டையை அடைத்துவிட்டார்கள். குழந்தை பத்து நாளில் வீட்டுக்குப் போனது.

ஆறு மாதம் கழித்து ஒரு பரிசோதனைக்குக் குழந்தையின் அப்பா என்னையும் வரச் சொன்னார். டாக்டரிடம் பேச எனக்குத்தான் தெரியுமாம். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டை நன்றாக மூடியிருக்கிறது, நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தம்தான் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றார். தினமும் மூன்று வேளை மாத்திரை, ஒரு வேளைகூட விடக்கூடாது. எத்தனை வருடம் என்று இப்போது சொல்ல முடியாது.

நான் கேட்டேன். "அந்தப் பதினோரு வாரத்தினாலயா டாக்டர்?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. கொஞ்சம் லேட்டாத்தான் நம்மகிட்டயே வந்தாங்க."

அப்பா மருந்துக்கடை வரிசையில் போய் நின்றார். பெஞ்சில் நானும் அம்மாவும், நடுவில் குழந்தையும். அம்மா அதுவரை என்னிடம் டீ எடுத்துக்குங்க என்பதற்கு மேல் பேசியதில்லை. பன்னிரண்டாவது வரை படித்தவர் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்தத் திருத்தத்த நாலஞ்சு வாட்டி படிச்சுப்பாத்தனுங்க. கடைசிப் பத்தி இடமில்லாம உட்டுப்போச்சுன்னு போட்டிருந்தீங்க."

"ஆமாங்க."

"அது ஏனுங்க கடைசில இருந்துச்சு? எங்களுக்கு வேண்டியது அது ஒண்ணுதானுங்களே."

ஆசிரியர் கேட்காத கேள்வி. முக்கியமானதை முதலில் வைப்போம், அப்புறம் குறைந்துகொண்டே வரும் என்று எங்கள் வழக்கத்தை விளக்க ஆரம்பித்தேன்.

"அப்ப இது முக்கியமில்லீங்களா?"

"முக்கியம்தாங்க. மேல போட்டா செய்தி முதல் பக்கத்துக்குப் போகாது. தெரிஞ்சுதான் கீழ வெச்சேன்."

அவர் குழந்தையின் வாயோரம் ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். நான், அவர் கணவரிடமும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காருங்க" என்றார். சத்தம் உயரவில்லை. "சொல்லிப்போட்டா உங்களுக்குப் பாரம் எறங்கீரும். அவரு டாக்டரையும் நம்பறதில்ல, என்னையும் நம்பறதில்ல. நீங்க சொன்னீங்கன்னுதான் மாத்திர வாங்க நிக்கறாரு. உங்க மேல இருக்கறது போச்சுன்னா மாத்திரையும் போச்சுங்க. புள்ள நல்லாவற வரைக்கும் நீங்க நல்லவராவே இருந்துபோடுங்க."

அப்பா மாத்திரைப் பட்டையோடு வந்தார். "சார், எந்த நேரத்துக்கு எதுன்னு நீங்களே ஒருக்காச் சொல்லீருங்க." சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணித் திருப்பிச் சொன்னார்.

அதன் பிறகு மூன்று வருடம் நான் நல்லவனாக இருந்தேன். மாதம் ஒரு முறை போன் வரும். சளி பிடித்திருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா என்பார். கூடாது என்பேன். கேட்டுக்கொள்வார். அவருடைய ஒவ்வொரு நன்றியையும் வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் சந்தேகம் வரும். உதவி ஆசிரியரிடம் மட்டும் இடையில் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்பதை எழுதப்போவதில்லை. அதில் எனக்குச் சாதகமாக எதுவும் இல்லை. ஆய்வாளருக்கும் சொன்னேன். "எங்க வேணா போடுங்கன்னு நான்தானே சொன்னேன்" என்று தன் மேல் பாதியை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை.

போன மாதம் மருத்துவர் மாத்திரையை நிறுத்தினார். அழுத்தம் இறங்கிவிட்டது. அம்மா போன் செய்தார். "இனிச் சொல்லிக்குங்க. எழுதறதுன்னாலும் எழுதிக்குங்க. ஆனா அவருகிட்ட நேர்ல சொல்லிப்போட்டு எழுதுங்க."

ஞாயிறு காலை போனேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், இந்த முறை முக்கியமானதை முதலில் வைத்து. முடித்ததும் அப்பா கேட்டார்.

"அப்ப பேப்பர்ல வந்தது பொய்யில்லீங்க?"

"பொய்யில்லைங்க."

"டெஸ்க்ல வெட்டுனதும் நெசந்தானுங்க?"

"நெசம்தான்."

"எல்லாம் நெசமுங்கறீங்க. அப்பறம் எப்படீங்க நான் புள்ளையக் கூட்டிட்டுப் போகாம இருந்தேன்?"

இதுவரை அவர் அதைத் தன் தப்பாகவே வைத்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமாக, ஒவ்வொரு மாத்திரைக்கும். "நீங்க போகாம இருந்ததுக்கு நான்தாங்க காரணம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று தெரியவில்லை. உள்ளே மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம், வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். நேரம் பதினொன்றரை, சாப்பாட்டு வேளை நெருங்கியிருந்தது.

அப்பா எழுந்து கதவு வரை கூடவே வந்தார். "வெயில் ஏறதுக்குள்ள கெளம்புங்க சார்" என்றார்.